வாய் கூட்டும் எழுத்தும் கை கூட்டும் எழுத்தும்

ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று "பி-இ-ஏ-யு-டி-ஐ-எஃப்-யு-எல், பியூட்டிஃபுல்" என்று ஒரே மூச்சில் ராகத்தோடு ஒப்பிக்கிறது. சற்றுப் பொறுத்து சொல்வதெழுதுதல் நடக்கிறது. அதே பிள்ளை அதே சொல்லில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறது. "இப்பத்தானே சரியாச் சொன்னே?" என்று ஆசிரியருக்குக் கோபம் வருகிறது. ஒரு சொல்லின் எழுத்துகள் தெரிந்தால் தெரிந்ததுதான், வாயால் சொன்னால் என்ன, கையால் எழுதினால் என்ன என்ற நம்பிக்கை அந்தக் கோபத்துக்குள் இருக்கிறது. பெற்றோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

மூளையில் அடிபட்டவர்களை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகக் கவனித்துவரும் நரம்பியலாளர்கள் கண்டது வேறு. எழுத்துக்கூட்டிச் சொல்வதும் எழுத்துக்கூட்டி எழுதுவதும் ஓரிடத்தில் தொடங்கிப் பாதி வழி சேர்ந்து வருகின்றன. அதன்பின் பிரிந்துவிடுகின்றன. பிரிந்த பிறகு ஒன்றுக்கு நேரும் கேடு மற்றொன்றைத் தொடாமலே போகலாம். இந்த வேறுபாடு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. உள்ளேயும் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

முதலில், சேர்ந்து வரும் பாதி.

ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் எழுத்துகளை மூளை இரண்டு வகையில் தேடுகிறது. ஒன்று, முன்பே பார்த்துப் பழகிய சொல்லின் உருவத்தை நினைவிலிருந்து எடுப்பது. மற்றொன்று, காதில் விழுந்த ஒலியைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்து தேடுவது. இவை தனித்தனி என்பதற்கு 1981இல் இரண்டு சான்றுகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் டிம் ஷாலிஸ் ஆராய்ந்த நோயாளி ஒருவர் பழகிய சொற்களைப் பெரும்பாலும் சரியாக எழுதினார். பொருளற்ற ஒலிக்கோவையைச் சொல்லி எழுதச் சொன்னால் கை நின்றுவிட்டது. பிரான்சில் பொவுவாவும் தெருவெனேவும் பார்த்தவர் இதற்கு நேர் எதிர். பொருளற்ற ஒலிகளை அவர் தடையில்லாமல் எழுதினார். ஒலிக்கும் எழுத்துக்கும் பொருந்தாத சொற்களில்தான் தவறினார். முன்னவருக்கு ஒலிவழி அடைபட்டிருந்தது, பின்னவருக்கு நினைவுவழி.

எந்த வழியில் வந்தாலும் எழுத்துகள் ஒரே நொடியில் வெளியேறிவிடுவதில்லை. முதல் எழுத்து வெளியேறும்போது கடைசி எழுத்து எங்கோ காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிடம் எவ்வளவு முக்கியமானது என்பதை 1987இல் அல்ஃபோன்சோ காரமாட்சாவும் உடனாய்வாளர்களும் எழுதிய கட்டுரை காட்டியது. எல்.பி. என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்படும் ஓர் இத்தாலியரைப் பற்றியது அது. சொல் நீள நீள அவருக்குப் பிழை கூடியது. சொல்லின் தொடக்கமும் முடிவும் ஓரளவு தப்பின, நடுவில்தான் எழுத்துகள் மாறின, விடுபட்டன, இடம் பெயர்ந்தன. மெய் இருந்த இடத்தில் வேறொரு மெய்யும், உயிர் இருந்த இடத்தில் வேறோர் உயிருமே வந்தன. இரட்டித்து வரும் எழுத்து மற்றொரு தனித்தன்மையைக் காட்டியது. இரட்டிப்பு என்ற குறிப்பை மூளை எழுத்தோடு ஒட்டாமல் தனியாக வைத்திருப்பது போலத் தெரிந்தது. நலமாக இருப்பவர்கள் தட்டச்சு செய்யும்போதும் இதைப் பார்க்கலாம். 'புக்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரட்டிக்க வேண்டிய 'ஓ'வை ஒருமுறையும், இரட்டிக்கக் கூடாத 'கே'யை இருமுறையும் அடிப்பது தட்டச்சு ஆய்வுகளில் பெயர்பெற்ற பிழை.

எல்.பி.யின் பிழைகள் வாயால் சொன்னபோதும் கையால் எழுதியபோதும் ஒரே மாதிரி இருந்தன. ஆகவே கெட்டுப்போன இடம் இரண்டுக்கும் பொதுவானது. எழுத்துகள் அங்கே பெயராகவும் இல்லை, வடிவமாகவும் இல்லை. இந்த இடத்தில் இந்த எழுத்து என்ற வெறும் அடையாளமாகத்தான் இருக்கின்றன.

இதன் மூளை முகவரியும் இன்று ஓரளவு தெரியும். பிரெண்டா ராப்பும் உடனாய்வாளர்களும் பக்கவாதத்துக்குப் பின் எழுத்துக்கூட்டலில் தடுமாறிய 33 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்டு 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சொல்லுருவங்களின் நீண்டகால நினைவு குலைந்தவர்களுக்கு இடப் பொட்டுமடலின் அடிப்பகுதியிலோ இட முன்மடலின் கீழ்ப்பகுதியிலோ சேதம் இருந்தது. காத்திருப்பிடம் குலைந்தவர்களுக்குச் சேதம் இட உச்சிமடலின் மடிப்பொன்றைச் சுற்றி இருந்தது. சொல்லை அறிந்திருப்பதும், அறிந்ததைச் சில நொடிகள் கலையாமல் பிடித்துவைப்பதும் வெவ்வேறு இடத்து வேலைகள்.

இதுவரை வாயும் கையும் ஒன்று. இனி பிரிவு.

வாய்க்குப் போகும் எழுத்து, போகும் வழியில் ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறது. 'டபிள்யூ' என்ற பெயருக்கும் அந்த எழுத்து சொல்லில் தரும் ஒலிக்கும் தொடர்பே இல்லை, ஆனாலும் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பெயர் கிடைத்ததும் மற்றெந்தச் சொல்லையும் போல அது பேச்சுறுப்புகளுக்குப் போகிறது. ஆகவே வாய்வழிப் பிழைகளில் பேச்சின் சாயல் இருக்கும். ஆங்கிலத்தில் பி, டி, இ, வி என்று ஒரே ஈற்றொலியில் முடியும் பெயர்கள் நிறைய. அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன.

கைக்குப் போகும் எழுத்து எடுத்துக்கொள்வது வடிவத்தை. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, தனித்தா கூட்டியா என்று முடிவாக வேண்டும். பிறகு எந்தக் கோடு முதலில், எந்தத் திசையில் என்ற அசைவுக் கட்டளை தேவை. ராப்பும் காரமாட்சாவும் 1997இல் விவரித்த இரு நோயாளிகள் எழுதும்போது ஓர் எழுத்துக்குப் பதிலாக இட்ட வேறு எழுத்துகள் வெறும் தோற்ற ஒற்றுமை உள்ளவை அல்ல. ஒரே வகைக் கோடுகளை இழுத்து எழுதப்படுபவை. பிழை கண்ணின் கணக்கில் விழவில்லை, கையின் கணக்கில் விழுந்தது.

இந்தப் பிரிவு கற்பனைப் படம் அல்ல என்பதற்கு இருபுறமும் நோயாளிகள் கிடைத்திருக்கிறார்கள். 1965இல் மார்செல் கின்ஸ்போர்னும் எலிசபெத் வாரிங்டனும் வாய்வழி எழுத்துக்கூட்டல் மட்டும் தனியாகக் கெட்டுப்போன ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் எழுதியது, சொன்னதைவிட நன்றாக இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், கின்ஸ்போர்னே ரோசன்ஃபீல்டுடன் சேர்ந்து எதிர்த்திசையில் ஒருவரைக் காட்டினார். இவருக்குக் கை தவறியது, வாய் தேறியது. இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 'வாய்வழிதான் கடினம்' என்றோ 'கைவழிதான் கடினம்' என்றோ சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்று மற்றதைவிடக் கடினம் என்பது மட்டுமே காரணமானால் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும்.

கைவழியைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும், ஏனெனில் அது கெடுவதற்கு வழிகள் அதிகம். இட முன்மடலின் நடுமடிப்பில், கையை அசைக்கும் பகுதிக்குச் சற்று முன்னால், எழுதுவதற்கென்று ஓரிடம் இருப்பதாக வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர் 1881இலேயே சொன்னார். பலகாலம் அதை ஐயத்தோடு பார்த்தார்கள். 2009இல் துலூஸ் நகர அறுவை மருத்துவர் ரூவும் குழுவினரும், நோயாளி விழித்திருக்க மூளை அறுவை செய்யும்போது அந்த இடத்தை மின்சாரத்தால் மெல்லத் தூண்டினார்கள்; எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. சில புள்ளிகளில் பேச்சு பாதிக்கப்படவே இல்லை. எழுதுவதைப் பற்றிய 18 மூளைப்பட ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கட்டுரை ஒன்று, எழுதும்போது ஒளிரும் 12 பகுதிகளில் எழுத்துக்கே உரியவை மூன்றுதான் என்று சொன்னது. எக்ஸ்னரின் இடத்தை ஒட்டிய பகுதி, இட உச்சிமடலின் ஒரு பகுதி, வலச் சிறுமூளை. மற்றவை பொதுவான கையசைவுக்கோ மொழிக்கோ பயன்படுபவை.

நார்மன் கெஷ்விண்டும் எடித் கப்லானும் 1962இல் விவரித்த மனிதரின் நிலை இன்னும் வியப்பானது. மூளையின் இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புக்கற்றை அவருக்குச் சேதமாகியிருந்தது. வலக்கையால் எழுதினார், இடக்கையால் எழுதியது பிழையும் குழப்பமுமாக இருந்தது. சொல்லை அறிந்த இட மூளைக்கும் இடக்கையை ஆளும் வல மூளைக்கும் இடையே செய்தி போகவில்லை. 'அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமா?' என்ற கேள்விக்கு இங்கே ஒற்றைப் பதிலே கிடையாது. பார்க்கின்சன் நோயில் எழுத்து வரிக்கு வரி சிறுத்துப்போவதும் கைவழியின் கடைசிப் படியில் நேரும் கேடுதான். சொல்லறிவுக்கு அதில் பங்கில்லை.

இரண்டு வழிகளின் நேரக்கணக்கும் வேறு. வாய் விரைவாக முடிக்கிறது. ஆகவே எழுத்துகள் காத்திருக்க வேண்டிய நேரம் குறைவு. ஆனால் சொன்ன எழுத்து காற்றில் போய்விடுகிறது. எதைச் சொல்லி முடித்தோம், எது மிச்சம் என்ற கணக்கையும் மனமே வைத்துக்கொள்ள வேண்டும். கை மெதுவானது, காத்திருப்பு நீள்கிறது. ஆனால் எழுதியது தாளில் நிற்கிறது, கண் அதைத் திரும்பப் பார்த்துத் திருத்துகிறது. எழுதிவிட்டு 'என்னமோ சரியில்லையே' என்று உணர்ந்து அடிப்பது கைவழிக்கு மட்டும் கிடைத்த சலுகை.

அமெரிக்காவில் 1925இல் தொடங்கிய தேசிய ஸ்பெல்லிங் போட்டி இந்தச் சலுகையை எடுத்துவிட்ட போட்டி. சொல்லத் தொடங்கிய எழுத்துகளைத் திரும்ப முதலிலிருந்து சொல்லலாம், மாற்றக் கூடாது. 1985இல் பாலு நடராஜன் அதில் வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளையானார். பிறகு அந்த மேடையில் நம் முகங்கள் நிறைய வந்துவிட்டன. ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் கைகளைக் கவனித்திருப்பார்கள். உள்ளங்கையில் விரலால் எழுதுகிறார்கள், கழுத்தில் தொங்கும் எண் அட்டையின் பின்புறம் எழுதுகிறார்கள், சிலர் இல்லாத விசைப்பலகையில் தட்டுகிறார்கள். வாய்ப் போட்டிக்குக் கையைத் துணைக்கு அழைக்கிறார்கள். பிரிந்த வழிகள் பிரிந்த பிறகும் ஒன்றுக்கொன்று உதவ முடியும் என்பதை அந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கண்டுகொண்டிருக்கிறார்கள். ஜப்பானியர்களும் கடினமான காஞ்சி எழுத்தை நினைவுகூரக் காற்றில் விரலால் எழுதுவார்கள். காஞ்சியை ஆங்கிலச் சொல்லைப் போலப் பெயர் பெயராக வாயால் கூட்டுவது எளிதல்ல, ஆகவே கை துணைக்கு வருகிறது.

அந்த உதவியின் ஆழத்தைப் பாரிஸ் நகரத்து மனிதர் ஒருவர் காட்டிவிட்டுப் போனார். 1887இல் அவருக்கு 68 வயது. ஒருநாள் திடீரென்று எந்தச் சொல்லையும் படிக்க முடியாமல் போயிற்று. பேச்சு தெளிவு, பார்வை பெரும்பாலும் தெளிவு. எழுதவும் முடிந்தது, ஆனால் தான் எழுதியதையே படிக்க முடியவில்லை. 'ஏ' எழுத்தை ஓவியச் சட்டத் தாங்கியைப் போல இருக்கிறது என்றார், 'இசட்'டைப் பாம்பு என்றார். பெயர் மட்டும் வரவில்லை. ஆனால் விரலால் அந்த எழுத்தின் கோட்டைத் தடவிப் பார்த்ததும் பெயர் வந்தது. அவரை ஆராய்ந்த ஜூல் தெஜெரின், அவர் இறந்த 1892இல் மூளையைத் திறந்து பார்த்து எழுதிய அறிக்கை நரம்பியலில் இன்றும் படிக்கப்படுகிறது. கண்ணுக்கும் எழுத்தறிவுக்கும் இடையில் வழி அறுந்திருந்தது. கை வேறொரு வாசல் வழியாக உள்ளே போனது.

தமிழில் இந்த ஒப்பீடு ஆங்கிலத்தைப் போல அமையாது. தமிழ் எழுத்துகளுக்குப் பேச்சில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் அவற்றின் ஒலியேதான். 'க' என்றால் 'க'. ஆகவே வாய்வழி இங்கே குறுகியது. சிக்கல், ஒலி ஒன்றாகிவிட்ட எழுத்துகளில் வருகிறது. பலருடைய பேச்சில் ண, ன வேறுபாடும் ர, ற வேறுபாடும் மங்கிவிட்டன. அப்போது தமிழர் என்ன செய்கிறோம்? "மூணு சுழி ண" என்கிறோம், "ரெண்டு சுழி ன" என்கிறோம். "சின்ன ர, பெரிய ற" என்கிறோம். வாயால் சொல்லும்போதே கை எழுதும் வடிவத்தைப் பெயராக எடுத்துக்கொள்கிறோம். பிரிந்துபோன இரண்டு வழிகளைத் தமிழ்ப் பிள்ளை முதல் வகுப்பிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறது. இலக்கணம் பயின்றவர்களிடம் வேறொரு பெயர்முறை உண்டு: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். எந்த எழுத்துக்கு முன்னால் வருமோ அதை வைத்து இட்ட பெயர்கள் இவை. வடிவத்தைத் தொடாமல் சொல்லின் அமைப்பைத் தொடுகின்றன. இந்தப் பெயர்களைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. சுழி எண்ணுவது எழுதும் கைக்குத் துணை. 'ட'வுக்கு முன் எது வரும் என்பது சொல்லை அறியத் துணை.

அடுத்தது வரிசை. 'கொக்கு' என்ற சொல்லை வாய் கொ, க், கு என்று மூன்றாகக் கூட்டும். கை அப்படிப் போகாது. முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால், அதன்பின்தான் க், கு. வாய்க்கு மெய்யோடு பின்னால் சேரும் ஒகரத்தின் பாதியைக் கை முதலிலேயே எழுதிவிட வேண்டும். அதாவது, மெய்யெழுத்தைத் தொடும் முன்பே அதற்கடுத்த உயிரைக் கை அறிந்திருக்க வேண்டும். ஒலியின் வரிசையும் கோட்டின் வரிசையும் இப்படி முரண்படுவது ஆங்கிலத்தில் இல்லை. பழைய தட்டச்சுப்பொறி கையின் வரிசையைப் பின்பற்றியது, கொம்பை முதலில் அடிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை வாயின் வரிசைக்கு மாறியது, மெய் முன்னால், உயிர் பின்னால். பழைய பொறியில் பழகியவர்கள் புதியதில் பட்ட அல்லல் அறிவுக்குறை அன்று.

1978இல் தமிழ்நாடு அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தமும் இதே பிரிவைத் தொட்டது. தும்பிக்கை வைத்த பழைய 'லை'யும் சுருண்ட பழைய 'னா'வும் போய் இன்றைய வடிவங்கள் வந்தன. ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டல்கூட மாறவில்லை, வாயில் ஓர் ஒலியும் மாறவில்லை. மாறியது வடிவம் மட்டும். ஆனாலும் பெரியவர்கள் பலரின் கையில் பழைய 'லை' கடைசிவரை இருந்தது. எழுத்தின் அடையாளம் ஓரிடத்திலும் அதன் வடிவம் வேறோரிடத்திலும் இருப்பதால்தான், ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்ற முடிந்தது. கையில் ஊறியதை அரசாணையால் உடனே மாற்ற முடியாமல் போனதும் அதனால்தான்.

சுழிகளின் எண்ணிக்கைக்குக் கண்ணின் காவலும் தேவை. வல உச்சிமடலில் சேதமுற்ற சிலர் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப இடுவார்கள். ஆங்கில 'எம்' எழுத்துக்கு ஒரு கால் கூடுதலாகிவிடும். எழுதும்போது பார்த்து, உணர்ந்து எண்ணிக்கை வைக்கும் வேலை அங்கே தளர்ந்துவிடுகிறது. எல்லிஸ், யங், ஃப்ளூட் ஆகியோர் 1987இல், நலமாக இருப்பவர்களும் பார்க்காமல், வேறொரு வேலையில் கவனத்தை வைத்துக்கொண்டு எழுதினால் இதே வகைப் பிழைகளைச் செய்வதைக் காட்டினார்கள். ஒரு சுழி கூடினாலோ குறைந்தாலோ வேறு எழுத்தாகிவிடும் மொழி நம்முடையது. அவசரமாக எழுதும் பிள்ளையின் ஏட்டில் ண-ன பிழையைக் காணும்போது, அது சொல் தெரியாததால் வந்ததா, சுழி தவறியதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். "எந்த ன?" என்று வாயால் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வாய்ப்பாடமாக எழுத்துக்கூட்டலை உருப்போடுவது பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ராகத்தோடு ஒப்பிப்பதில் ஒலிச்சங்கிலி ஒன்றுதான் பெரும்பாலும் மனத்தில் பதிகிறது. நடுவில் நிறுத்திக் கேட்டால் பிள்ளை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும். கையால் எழுதிக் கற்பதன் பயனை 1990இல் கனிங்ஹாமும் ஸ்டானோவிச்சும் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். எழுத்துத் துண்டுகளை அடுக்கியவர்களையும் கணினியில் தட்டியவர்களையும்விட எழுதியவர்கள் நன்றாகக் கற்றார்கள். பின்னர் வேறொரு குழு திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே கைதான் சிறந்தது என்று தீர்ப்பெழுத எனக்கு மனமில்லை. எழுத்துத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையின் சொல்லறிவை அளப்பதையும், வாயால் ஒப்பித்ததைக் கொண்டு எழுதத் தெரியும் என்று முடிவுகட்டுவதையும் விட்டால் போதும்.

இதில் ஒரு நடைமுறைக் கேள்வி அவசரமாக நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுதுதல் குறைபாட்டைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது. சான்று பெற்ற பிள்ளைகளுக்குத் தேர்வில் சொல்வதை எழுதித்தரும் ஆள் கிடைக்கிறார். கோட்டை இழுக்கும் வழியில் மட்டும் தடை உள்ள பிள்ளைக்கு இது முழு விடுதலை. அது வாயால் கூட்டும், எழுத்தர் எழுதுவார். ஆனால் தடை பொதுப் பாதியில், சொல்லின் நினைவிலோ காத்திருப்பிடத்திலோ இருந்தால் வாயும் அதே இடத்தில்தான் தடுக்கும். அந்தப் பிள்ளைக்கு எழுத்தரைவிடக் கூடுதல் நேரமும், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காத திருத்தமும், சொற்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கற்பிக்கும் ஆசிரியரும் தேவை.

ஆகவே சான்றிதழ் தரும் முன் ஒரே சொற்பட்டியலை இரண்டு வழியிலும் கேட்க வேண்டும். குறுஞ்சொல்லும் நெடுஞ்சொல்லும், பழகிய சொல்லும் பொருளற்ற ஒலியும் அதில் இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கான பட்டியலில் கொம்பு முன்னால் வரும் சொற்களும், ண-ன, ர-ற, ல-ள-ழ வரும் சொற்களும் கட்டாயம் சேர வேண்டும். ஒருநாள் எழுதச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே சொற்களை வாயால் கூட்டச் சொல்லி, இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிழைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தால் ஒரு சிகிச்சை, எழுதியதில் மட்டும் விழுந்தால் வேறொரு சிகிச்சை.